போர்வையை விற்றால் வடிவமும் போய்விடுமா? ஜீஸ் பெண்ட் விவகாரத்தின் பின்னணி

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் கட்டம் போட்ட ஸ்வெட்டர்களும் தண்ணீர் பாட்டில்களும் ஒட்டுத்துணி போலத் தோன்றும் போர்வைகளும் விற்பனைக்கு வந்தன. அந்த வடிவங்கள் அலபாமா மாநிலத்தில் உள்ள ஜீஸ் பெண்ட் என்ற கிராமத்துப் பெண்களுடையவை. பல ஊர்களில் சரக்கு முழுக்கத் தீர்ந்துபோனது. பிறகு வந்த செய்திதான் குழப்பத்தைக் கிளப்பியது: வடிவம் தந்த பெண்களுக்கு ஒரே தடவையாக ஒரு தொகை கொடுக்கப்பட்டதாம், விற்பனையில் பங்கு கிடையாதாம்.

செய்தியைப் படித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். “ஒப்பந்தம் போட்டார்கள், பணம் வாங்கினார்கள், அப்புறம் என்ன குறை?” என்றது ஒரு கட்சி. “இது பட்டப்பகல் திருட்டு” என்றது இன்னொன்று. ஒரு போர்வைக்குள் ஒன்றல்ல, நான்கு சொத்துகள் மடித்து வைக்கப்பட்டிருப்பதை இரு கட்சியும் கவனிக்கவில்லை.

ஒட்டுப்போர்வை என்பது என்ன?

பொருளிலிருந்தே தொடங்கலாம். இதில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலே துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த முகத்துணி. நடுவில் பஞ்சு. கீழே அடித்துணி. மூன்றும் நழுவாமலிருக்க மேலிருந்து அடிவரை ஊசியை ஏற்றி இறக்கி, பரப்பு முழுக்க ஓட்டுத்தையல் போடுவார்கள். ஒரு போர்வையை ஆங்கிலத்தில் ‘குவில்ட்’ என்று சொல்ல வைப்பது துண்டுகளை ஒட்டுவதல்ல, இந்த மூன்றடுக்குத் தையல்.

ஜீஸ் பெண்டில் அந்தக் காலத்தில் இதற்கென்று கடையில் துணி வாங்குவது அரிது. வயலில் போட்டுக் கிழிந்த கால்சட்டை, வெளுத்த சட்டை, உர மூட்டைத் துணி, மாவுப் பை எல்லாம் சேரும். நடுப்பஞ்சு பெரும்பாலும் பருத்தி ஆலைத் தரையில் கூட்டி அள்ளியது. அதைக் கோலால் அடித்துத் தூசி போக்கிப் பரப்புவார்கள். முழங்கால் பக்கம் மட்டும் நிறம் மாறிய நீலத் துணி, பை கழற்றப்பட்ட இடத்தில் வெளுக்காமல் எஞ்சிய கருஞ்சதுரம், ஆணி கீறிய இடத்து ஒட்டு என்று உழைப்பின் தடங்கள் அப்படியே முகத்துணியில் தெரியும்.

ஊர் எது, ஏன் அங்கே?

அலபாமா ஆறு குதிரை லாடம் போல வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த நிலம் அது. 1816இல் ஜோசப் ஜீ என்ற தோட்ட முதலாளி வந்து பருத்தி பயிரிட்டதால் ‘ஜீயின் வளைவு’ என்று பெயர். 1845இல் தோட்டம் மார்க் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. வட கரோலினாவிலிருந்து சுமார் 100 அடிமைகளை அவர் நடத்தியே கூட்டிவந்தார். ஊரில் இன்றும் வீட்டுக்கு வீடு ‘பெட்வே’ என்ற குடும்பப் பெயர் இருப்பது அதனால்தான். இந்தக் கட்டுரையில் வரும் பெட்வேக்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது முதலாளியின் பெயர், உறவின் அடையாளம் அல்ல.

அடிமை முறை ஒழிந்தபின் அதே நிலத்தில் அவர்கள் விளைச்சலில் பங்கு தந்து உழும் வாரக் குடிகளானார்கள். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கேம்டன் நகர வியாபாரியிடம் விதைக்கும் உரத்துக்கும் உணவுக்கும் கடன் வாங்கி, அறுவடையில் அடைப்பார்கள். 1932இல் அந்த வியாபாரி இறந்ததும் அவர் குடும்பம் ஒரேயடியாகக் கடனைக் கேட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பன்றி, மாடு, கோவேறு கழுதை, கலப்பை எல்லாவற்றையும் ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவை வைத்துத்தான் ஊர் கடத்தியது.

பலகை வீடுகளின் இடுக்குகள் வழியே காற்று வரும். சுவரில் செய்தித்தாள்களையும் வாரப் பத்திரிகைத் தாள்களையும் ஒட்டி அடைப்பார்கள். தரையிலும் கட்டிலிலும் போர்வை மேல் போர்வை. அலபாமா தென்மாநிலமானாலும் ஜனவரி இரவில் தண்ணீர் உறையும். அதனால் ஒரு வீட்டுக்கு ஒன்றிரண்டு அல்ல, அடுக்கடுக்காகப் போர்வைகள் தேவைப்பட்டன. பகலெல்லாம் பருத்தி வயலில் வேலை, பிறகு அடுப்பு, அதன் பிறகு ஊசி.

1937இல் அரசின் புகைப்படக் கலைஞர் ஆர்தர் ரோத்ஸ்டீன் இந்த ஊருக்கு வந்தார், 1939இல் மேரியன் போஸ்ட் வோல்காட் வந்தார். ஜொரீனா பெட்வே என்ற பெண்மணி இருவர் படங்களிலும் இருக்கிறார். முதல் படத்தில் போர்வையோடு. இரண்டாவதில் உணவைப் புகையூட்டிச் சேமிக்கும் தன் புகைக்கொட்டகையில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டு. இந்த ஊரில் போர்வையும் சேமிப்பு உணவும் ஒரே கணக்கில்தான் வரும். இரண்டுமே குளிர்காலத்துக்காக மீந்ததை வீணாக்காமல் வைப்பது.

அடுத்து நடந்தது ஊரின் போக்கையே மாற்றியது. மத்திய அரசு தோட்டத்தை வாங்கி, வீடுகள் கட்டி, 1940களில் அந்தக் குடும்பங்களுக்கே குறைந்த வட்டிக் கடனில் நிலத்தை விற்றது. தென்மாநிலங்களின் கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கே போய்க்கொண்டிருந்த காலத்தில், சொந்த நிலம் இருந்ததால் இங்கே பல குடும்பங்கள் தங்கிவிட்டன. பாட்டி, தாய், மகள், பேத்தி என்று ஒரே ஊரில் தையல் தொடர்ந்தது இதனால்தான். “மறக்கப்பட்ட ஊர், தீண்டப்படாத கலை” என்று எழுதுகிறவர்கள் இந்த நிலப் பத்திரங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

“என் வழி”

வடிவங்களுக்குப் பெயர்கள் உண்டு. நடுவில் ஒரு சதுரம் வைத்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகளை அடுக்கினால் ‘வீட்டுக்கூரை’. செங்கல் அடுக்கியதுபோல் படிப்படியாக ஏறினால் ‘கொத்தனார்’. நீளநீளமான பட்டைகள் மட்டுமென்றால் ‘சோம்பேறிப் பெண்’. எதிலும் அடங்காமல் போனால் அதற்கு அந்தப் பெண்கள் வைத்த பெயர் ‘என் வழி’.

புள்ளிக்கோலத்தோடு ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். ஏழு புள்ளி நேர்வரிசை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒரே புள்ளியில் இரண்டு பெண்கள் போடும் கோலம் ஒன்றாக இருக்காது. ‘வீட்டுக்கூரை’ வடிவம் ஊருக்குப் பொது. அதில் எந்தப் பட்டை எத்தனை அகலம், எங்கே திடீரென்று சிவப்பு, எந்த மூலை கோணலாகத் திரும்ப வேண்டும் என்பது ஒருத்தியின் முடிவு. சட்டச் சிக்கல் முழுக்க இந்த வேறுபாட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது.

1942இல் மிசௌரி பெட்வே தைத்த போர்வை ஒன்று வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கணவர் இறந்தபின் அவருடைய வேலை உடுப்புகளை வெட்டி, அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்று தைத்தது. மகள் ஆர்லோன்சியா பிற்காலத்தில் சொன்ன விவரம் இது. அன்று அதற்கு விலை என்ற எண்ணமே இருந்திருக்க முடியாது.

கட்டிலிலிருந்து சுவருக்கு

விலை நான்கு கட்டங்களில் வந்து சேர்ந்தது.

1. *1966, கூட்டுறவு.* வாக்குரிமைப் போராட்டம் கொதித்த காலம். மார்ட்டின் லூதர் கிங் 1965 பிப்ரவரியில் ஊருக்கு வந்து பேசினார். வாக்காளராகப் பதியப் போனவர்கள் நிலத்திலிருந்தும் வேலையிலிருந்தும் விரட்டப்பட்டார்கள். கேம்டனுக்குப் போகும் படகையே 1962இல் நிறுத்திவிட்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியும் அக்கரைக்கு ஒரு மணி நேரச் சுற்றுவழி. படகு திரும்பி வந்தது 2006இல். இந்தச் சூழலில் பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியாரின் முயற்சியில் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற பெண்கள் கூட்டுறவு உருவாகி, நியூயார்க்கில் போர்வைகளை ஏலம் விட்டது.

2. *1972, சியர்ஸ் ஒப்பந்தம்.* சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்துக்கு கார்டுராய் (வரிவரியாகப் புடைத்த தடித்த துணி) தலையணை உறைகள் தைக்கும் வேலை கிடைத்தது. நிலையான வருமானம்தான், ஆனால் எல்லா உறையும் ஒரே அளவு, ஒரே தையல். ‘என் வழி’க்கு அங்கே இடமில்லை. மீந்த கார்டுராய்த் துண்டுகள் வீடுகளுக்குப் போயின. அந்தத் துண்டுகளில்தான் பிற்பாடு அருங்காட்சியகங்கள் போற்றிய பல போர்வைகள் பிறந்தன. விற்பனைக்காகத் தைத்தது தொழிலாகவும், விற்க நினைக்காமல் தைத்தது கலையாகவும் ஆனது இந்தக் கதையின் முரண்.

3. *1990களின் இறுதி, சேகரிப்பாளர்.* ஆன்னி மே யங் 1976இல் தைத்த ஒரு போர்வை விறகுக் குவியல் மேல் விரிக்கப்பட்டிருந்த புகைப்படத்தை கலைச் சேகரிப்பாளர் வில்லியம் ஆர்னெட் பார்த்தார். நீல வேலைத்துணிக்கு நடுவே சிவப்பும் மஞ்சளுமாக எரியும் கார்டுராய்ப் பட்டைகள். அவர் ஊரைத் தேடி வந்து, வீடுவீடாகப் போர்வைகளை வாங்கினார்.

4. *2002, கண்காட்சி.* முதலில் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், அதே ஆண்டு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம். ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் மைக்கேல் கிம்மல்மன் இவற்றை அமெரிக்கா படைத்த நவீனக் கலையின் அற்புதங்களில் சேர்த்தார். 2006இல் பத்துப் போர்வைகள் அஞ்சல்தலைகளாயின.

ஒரு போர்வையில் நான்கு சொத்து

முதலில் ஒரு சொல் திருத்தம். நம் நாளிதழ்களில் ‘காப்புரிமை’ என்ற சொல் இரண்டு வேறு விஷயங்களுக்கு ஓடுகிறது. புதிய கருவிக்கும் மருந்துக்கும் கிடைப்பது காப்புரிமை. எழுத்து, ஓவியம், இசை போன்ற படைப்புக்குக் கிடைப்பது பதிப்புரிமை. இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி.

1. *பொருள்.* துணியும் பஞ்சும் நூலுமான போர்வை. விற்றால் வாங்கியவருக்குச் சொந்தம். அவர் அதைச் சுவரில் மாட்டலாம், பத்து மடங்கு விலைக்கு விற்கலாம்.

2. *பதிப்புரிமை.* அதன் வடிவத்தை நகலெடுக்கும் உரிமை. அமெரிக்கச் சட்டத்தின்படி இது பொருளோடு சேர்ந்து போகாது. பொருளை விற்பது வேறு, பதிப்புரிமையைத் தருவது வேறு. பதிப்புரிமையை எழுதிக் கையெழுத்திட்டால்தான் மாற்ற முடியும். ‘போர்வை பயன்படு பொருளாயிற்றே, அதற்கு எப்படிப் பதிப்புரிமை?’ என்ற கேள்வி நியாயமானது. 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டு மைதானத்தில் ஆடி ஊக்கமூட்டும் உற்சாகக் குழுவினர் அணியும் சீருடை பற்றிய வழக்கில், பயன்படு பொருளிலிருந்து தனியாகப் பிரித்துப் பார்க்கக்கூடிய கலை வடிவத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்று விளக்கியது. முகத்துணியின் நிற அடுக்கு அந்த வகை. ஆனால் ‘வீட்டுக்கூரை’ என்ற பொது வடிவத்துக்கு யாரும் உரிமை கோர முடியாது. குறிப்பிட்ட ஒரு போர்வையின் குறிப்பிட்ட அமைப்புக்கு மட்டும்தான்.

3. *மறுவிற்பனைப் பங்கு.* 500 டாலருக்கு விற்ற போர்வை பிறகு 50,000 டாலருக்குக் கைமாறினால் தைத்தவருக்கு ஏதாவது கிடைக்குமா? (தொகைகள் கணக்குக்காக.) பிரான்ஸ் 1920லேயே கலைஞருக்கு இந்தப் பங்கைச் சட்டமாக்கியது. பிரிட்டனில் 2006 முதல் உண்டு. அங்கே பட்டியலில் ‘டேப்பஸ்ட்ரி’ எனும் சித்திர நெசவும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்க மத்திய சட்டத்தில் கிடையாது. தன் நாட்டில் இல்லாத உரிமையை அயல்நாட்டிலும் கேட்க முடியாது என்பதால், இதே போர்வை லண்டனில் ஏலம் போனாலும் அலபாமாக்காரருக்கு ஒரு பென்னியும் வராது.

4. *ஊர்ப் பெயர்.* ‘ஜீஸ் பெண்ட்’ என்ற பெயரே இன்று விற்கிறது. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் கிடைத்ததுபோன்ற புவிசார் குறியீட்டுக்கு அமெரிக்காவில் தனிச் சட்டம் இல்லை. வணிகக் குறிச் சட்டத்தின் வழியாகத்தான் ஊர்ப் பெயரைக் காக்க முடியும். அதற்கு முதலில் ஊரார் ஓர் அமைப்பாகச் சேர வேண்டும். 2003இல் தொடங்கிய ஜீஸ் பெண்ட் குவில்டர்ஸ் கலெக்டிவ் அந்த வகை முயற்சி.

சமையல் குறிப்புக்கு மட்டும் ஏன் இல்லை?

பாட்டியின் போர்வைக்குப் பதிப்புரிமை உண்டென்றால் பாட்டியின் குழம்புப் பொடிக்கும் உண்டா என்ற கேள்வி இயல்பாகவே வரும். இல்லை. இத்தனை பங்கு மல்லி, இத்தனை பங்கு மிளகாய் என்ற அளவுப் பட்டியலை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பாதுகாப்பதில்லை. செய்முறையும் அப்படியே. பதிப்புரிமை, ஒன்றைச் சொன்ன விதத்தைக் காக்குமே தவிர, செய்யும் வழியைக் காக்காது. ஒருவர் குறிப்போடு சேர்த்து எழுதிய விவரணையைக் காப்பியடித்தால் குற்றம். அதைப் பார்த்துச் சமைத்தால் குற்றமில்லை.

போர்வைக்கும் இதே தர்க்கம்தான். சுற்றிச் சுற்றிப் பட்டை வைக்கும் முறை குழம்புப் பொடி அளவைப் போல; யாரும் செய்யலாம். முடிந்துபோய் விரிக்கப்பட்ட போர்வையின் முகம் ஒரு ஓவியம் போல. அதை அச்சிட அனுமதி வேண்டும். அடுப்படியில் கைமாறும் அறிவுக்குச் சட்டத்தில் எந்த வீடும் இல்லை என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். சிலர் பொடி அளவை மகளுக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருப்பது சட்ட அறிவு இல்லாமல் அல்ல!

2007 வழக்கும் 2024 விற்பனையும்

நான்கு சொத்தையும் பிரித்துவிட்டால் செய்திகள் தெளிவாகின்றன.

2007இல் ஆன்னி மே யங், லொரெட்டா பெட்வே, லூசிண்டா பெட்வே ஃபிராங்க்ளின் ஆகியோர் ஆர்னெட் தரப்பின் மீது வழக்குகள் தொடர்ந்தார்கள். கண்காட்சிக்குப் பிறகு வடிவங்கள் வணிகப் பொருள்களில் ஏறியதில் தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்பது யங்கின் புகார். அது இரண்டாவது சொத்தைப் பற்றியது. ஃபிராங்க்ளினின் புகார் போர்வைகளையே பற்றியது, அதாவது முதலாவது சொத்து. ஆர்னெட் தரப்பு மறுத்தது. 2008இல் வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. தீர்ப்பு எதுவும் வராததால், யார் சொன்னது சரி என்று நீதிமன்றத்தின் பெயரால் இன்று யாரும் சொல்ல முடியாது.

ஆர்னெட் 2010இல் தொடங்கிய ‘சோல்ஸ் க்ரோன் டீப்’ அறக்கட்டளை பிறகு பல போர்வைகளைப் பெரிய அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2014இல் பெற்ற 57 படைப்புகளில் 20 ஜீஸ் பெண்ட் போர்வைகள். ஒரு கையால் வாங்கியது, மறு கையால் உலகுக்குக் காட்டியது இரண்டுமே உண்மை. அவரை வில்லனாக்குவதும் மீட்பராக்குவதும் அவசர வேலை.

2024 விவகாரத்தில் திருட்டு எதுவுமில்லை. கேட்டுத்தான் வாங்கினார்கள், பணமும் தந்தார்கள். கேள்வி எந்த வடிவில் தந்தார்கள் என்பது. வடிவத்தைப் பயன்படுத்தும் அனுமதிக்கான உரிமத் தொகையை இரண்டு விதமாகப் பேசலாம்: மொத்தமாக ஒரு தொகை, அல்லது விற்ற ஒவ்வொரு பொருளுக்கும் இத்தனை சதவீதம். சரக்கு விற்காமல் கிடந்தால் முதலாவது கலைஞருக்கு லாபம். அமோகமாக விற்றால் இரண்டாவது. எந்தக் கடையில் எவ்வளவு ஓடும் என்ற கணக்கு நிறுவனத்திடம் இருக்கும், தைக்கிறவரிடம் இருக்காது. இதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. சமமான பேரம் என்றும் சொல்ல முடியாது. அடுத்த முறை குறைந்தபட்சத் தொகையும் அதற்கு மேல் பங்கும் என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

இங்கே என்றால்?

இதே தையல் இந்தியாவிலும் உண்டு, அதுவும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமே. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் வாழும் சித்தி இனப் பெண்கள் பழஞ்சேலைகளில் ‘கவண்டி’ தைக்கிறார்கள். ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றி வருவார்கள். நான்கு மூலையிலும் ‘பூல’ என்ற மடிப்புத் துண்டு, அதாவது பூ, வைக்காத போர்வை அவர்கள் கண்ணுக்கு அம்மணமாகத் தெரியுமாம். ஜீஸ் பெண்டுக்கும் இவர்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

நம் சட்டத்தில் அவர்கள் நிலை இரண்டு இடங்களில் கவனிக்கத்தக்கது.

1. பதிப்புரிமைச் சட்டத்தின் 53அ பிரிவு மறுவிற்பனைப் பங்கைத் தருகிறது. விலை 10,000 ரூபாயைத் தாண்ட வேண்டும். பங்கு 10 சதவீதத்துக்கு மேல் போகாது. அமெரிக்காவில் இல்லாத இந்த உரிமை இங்கே ஏட்டில் இருக்கிறது. ஆனால் பட்டியலில் இருப்பவை ஓவியம், சிற்பம், கோட்டோவியம், மூலக் கையெழுத்துப் பிரதி ஆகியவை. துணி இல்லை.

2. 15ஆம் பிரிவு இன்னும் கடுமை. வடிவமைப்புச் சட்டத்தில் பதியத்தக்க ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால் அதன் பதிப்புரிமையே போய்விடும். பெரிய கடைக்கு அனுமதி தரும் முன் வடிவத்தைப் பதிவு செய்யாத கைவினைஞர், முதல் வாரச் சரக்கிலேயே உரிமையை இழக்க நேரலாம். பதிந்தாலும் பாதுகாப்பு 10 ஆண்டு, நீட்டித்தால் 15.

ஜீஸ் பெண்டில் இப்போது பேரம் வேறு பக்கம் நகர்ந்திருக்கிறது. 2021 முதல் பல பெண்கள் எட்ஸி இணையச் சந்தையில் தங்கள் பெயரிலேயே கடை திறந்து விற்கிறார்கள். 2022 முதல் அக்டோபரில் ஊர் முழுக்கக் கொடிகளில் போர்வைகளை விரித்துத் திருவிழா நடக்கிறது. வாங்க வருபவர் தைத்தவரிடமே விலை கேட்கலாம். வாங்கிய போர்வையை அவர் போர்த்திக்கொள்ளலாம், மாட்டலாம், விற்கலாம். அதைத் தண்ணீர் பாட்டிலில் அச்சடிக்க ஆசைப்பட்டால் மட்டும் மறுபடியும் அந்த வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்.